மேல்விதைப்பா, ஊடுதெளிப்பா?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம். காட்டுயிர் மேலாண்மைப் பாடநூல் ஒன்றில் அமெரிக்கா பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும். விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் வெள்வால் மான்கள் மேய்வதற்கென்றே வெள்ளைக் குளோவர் (தரையோடு படரும் ஒரு தீவனப் பயிர்) வளர்க்கும் நிலங்கள் உண்டு. அந்நிலத்தை உழுது அழிக்காமல், ஆகஸ்டு இறுதிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில், குளோவரைக் கட்டையாக வெட்டிவிட்டு, மழையை எதிர்பார்த்து ஓட்ஸ், கோதுமை, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) ஆகியவற்றின் விதையை அதன்மீதே தூவுகிறார்கள். பல்லாண்டுப் பயிரான குளோவர் கோடையில் சோர்ந்து ஆங்காங்கே சொட்டை விழுந்து நிற்க, அந்த வெற்றிடங்களைக் களை பிடிப்பதற்கு முன் தானியம் பிடித்துக்கொள்கிறது. குளோவரின் வேர்முடிச்சுகள் சேர்த்துவைத்த தழைச்சத்தும் அதற்குக் கிடைக்கிறது. நிற்கும் பயிரின்மேல் இவ்வாறு விதைப்பதற்கு ‘மேல்விதைப்பு’ என்றும், தூவும் தானியத்துக்கு ‘இலையுதிர்காலத் தானியம்’ என்றும், அந்நிலத்துக்கு ‘இரைப்பாத்தி’ என்றும் எழுதிவைத்திருக்கிறேன். பொருந்துமா?

தமிழாசிரியர் ஐயா எழுதியது:

பொருந்தாது என்றே கருதுகிறேன். ‘மேல்’ என்பது இடத்தையும் குறிக்கும், ‘இனிமேல்’ என்பதுபோல் காலத்தையும் குறிக்கும். கலைச்சொல்லில் இந்த ஈரடி ஆகாது. மேலும், விதைப்பு என்பதைவிட வித்திடல் பழமையும் செறிவும் உடையது. ‘வித்தும் இடல்வேண்டும் கொல்லோ’ என்று விருந்தோம்புவானின் நிலத்தைப் பற்றி வள்ளுவர் பேசுவது, மானுக்கு விருந்து வைக்கும் இந்நிலத்துக்கு எவ்வளவு இயைபுடையது பாருங்கள். ஆகவே ‘ஊடுவித்திடல்’ என்று ஆளலாம். ஊடு என்பது இடை. பிணங்குதலைக் குறிக்கும் ஊடு இதனின் வேறா, ஒன்றா என்பது தனியே ஆராயத்தக்கது. இருவரிடையே ஒன்று புகுந்து நிற்பதால்தான் ஊடல் என்பது என் துணிபு. இலையுதிர்காலத் தானியம் என்று நீட்டி முழக்குவதற்குப் பதில் ‘கூதிர்த் தானியம்’ எனலாம். நிலத்துக்குப் ‘புனம்’ (தினைக்கொல்லை) என்ற அருமையான சொல் இருக்கப் ‘பாத்தி’ எதற்கு?

வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் எழுதியது:

ஐயாவின் ஊடல் ஆராய்ச்சியை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும்; இவர்கள் விதைப்பதோ நம் கணக்கில் ஆவணி. பெரும்பொழுதைப் பிடித்தால் ‘கார்த் தானியம்’ என்றாகும், அதைப் படிக்கும் மாணவர் கார் நெல்லைத்தான் நினைப்பார். ‘ஊடு’ என்று தொடங்கும் எதுவும் வேளாண் மாணவருக்கு ஊடுபயிரையே நினைவூட்டும். அது வரிசைக்கு வரிசை திட்டமிட்டு இடும் பயிர். இதற்கு மாறாக, ‘மேல்’ என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. உழும்போது இடுவது அடியுரம், வளர்ந்து நிற்கும் பயிருக்கு இடுவது மேலுரம். மேலுரத்தில் இடமும் காலமும் சேர்ந்தேதான் வருகின்றன. அதை எந்த உழவரும் இதுவரை குழப்பிக்கொண்டதில்லை. ஐயா குறையென்று சொன்ன ஈரடியே இங்கே பயன்படுகிறது.

இன்னொன்று: ரையைக் கம்பு என்று எழுதிவிட வேண்டாம். கம்பு உறைபனி தாங்காது. ரை உறைநிலைக்குச் சற்று மேலேயே முளைக்கும், குளிர்காலத்தையும் கடந்து நிற்கும். ரைப்புல் என்பதும் வேறு. அமெரிக்கத் தென்மாநிலக் கோல்ஃப் திடல்களில், நம் அருகம்புல் இனம் குளிரில் பழுப்பேறும் என்பதால் அதன்மேல் இலையுதிர்காலத்தில் தூவுவது ரைப்புல்லைத்தான். அதற்கும் இதே சொல் உதவ வேண்டும்.

திருவாரூர்ப் பக்கத்து உழவர் எழுதியது:

சொல்லைத் தேடி இவ்வளவு தூரம் போவானேன்? சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுபதத்தில் ஈரமாக இருக்கையில் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தூவுகிறோம். அதைத் தெளிப்பது என்போம். நிற்கும் பயிருக்குள் தெளிப்பதால் ‘ஊடுதெளிப்பு’ என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும்.

அம்மையார் மறுமொழி:

விளங்கும், ஆனால் நெல் பத்து நாளில் அறுபட்டுவிடும். குளோவர் அங்கேயே இருக்கும். வசந்தத்தில் ரை ஓங்கி நிழல் கட்டும்போது, குளோவரைக் காக்க வெட்டப்படுவது ரைதான். தவிரவும், தெளிப்பு என்றால் நகரத்து மாணவர் கைத்தெளிப்பானையும் பூச்சிமருந்தையும் நினைப்பார்.

உழவர் மறுமொழி:

அப்படியானால் நகரத்து மாணவருக்குத்தான் சொல் கற்பிக்க வேண்டும், சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

பென்சில்வேனியாவில் வாழும் உறுப்பினர் எழுதியது:

செயலுக்கு எந்தச் சொல் வந்தாலும் சரி, நிலத்தின் பெயரில் ‘இரை’ என்ற சொல் வரக்கூடாது. சோளத்தைக் குவித்து வைத்து மானை வரவழைப்பதும், விளைந்து நிற்கும் பயிரில் அது மேய்வதும் சட்டத்தின் கண்ணில் வேறு. மான்களின் மூளையைச் சிதைக்கும் தொற்றுநோய் காரணமாக மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019இல் இரை வைப்பதைத் தடை செய்தபோதும், இத்தகைய பயிர்நிலங்களை அத்தடை தொடவில்லை. பாத்தியும் ஒவ்வாது, பல ஏக்கர் வரை விரியும் நிலங்கள் உண்டு. புனம் எனக்குப் பிடித்திருக்கிறது. புனங்காப்போர் கிளியையும் பன்றியையும் விரட்டப் பரணில் இருந்தார்கள். இங்கே வேட்டைக்காரரும் பரணில்தான் இருக்கிறார், ஆனால் வரும் விலங்கை விரட்டுவதில்லை.

தமிழாசிரியர் ஐயா எழுதியது:

புனத்தையாவது ஏற்றமைக்கு நன்றி. வித்திடலை ஏன் விட்டீர்கள் என்பதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவர்க்கும் நன்றி. ‘மேல்விதைப்பு’, ‘மேய்புனம்’ என்று வைத்து அனுப்புகிறேன். சிலர் இசைந்தார்கள், மற்றவர்கள் பேசாதிருப்பதை இசைவாகவே கொள்கிறேன். கூதிரை விட்டுவிட்டேன், இலையுதிர்காலத் தானியம் என்றே இருக்கும். நெல்லுக்குள் தூவி, அறுவடைக்குப் பின் அந்நிலத்தில் வளரும் ‘நெல் தரிசு உளுந்தை’ ஒப்பிட்டு ஓர் அடிக்குறிப்புச் சேர்த்து, அதில் தெளிப்பு என்ற சொல்லையும் தந்திருக்கிறேன்.

உழவர் மறுமொழி:

வழக்கில் உள்ள சொல் அடிக்குறிப்பில், நேற்றுப் பிறந்த சொல் தலைப்பில். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.