படுத்தால் எல்லாம் சரி, எழுந்தால் ஆட்டம்: சிறுமூளைக் கோளாறை எப்படிப் பிடிப்பது?

சிப்புட்_எம்ஏ:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கிளினிக்கில் எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நன்றாக மூக்குடைபட்டேன், அதனால்தான் கேட்கிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் காண்டிராக்ட் வேலை பார்க்கும் ஐம்பது தாண்டிய ஒருவரை, இரண்டு மூன்று மாதமாக நடை தள்ளாடுகிறது என்று மகன் மோட்டாரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) எல்லோரும் "சம்சு ஏறிப்போச்சு", அதாவது சாராயம் ஏறிவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களாம். அவரோ தைப்பூச விரதத்திலிருந்து தொடவே இல்லை என்கிறார், மகனும் ஆமாம் என்கிறான்.

கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தேன். கை கால் பலம் சரி. மூக்கைத் தொட்டு என் விரலைத் தொடச் சொன்னேன், டக் டக்கென்று தொட்டார். குதிகாலை முட்டியில் வைத்து இறக்கச் சொன்னேன், அதுவும் பரவாயில்லை. அப்புறம் நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னால் ஆடினார். "ரோம்பெர்க் பாசிட்டிவ், சிறுமூளைக் கோளாறு" என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "கண் திறந்திருக்கும்போது எப்படி நின்றார்?" என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. "நடக்க வைத்தாயா?" அதுவும் இல்லை. கார்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு சோதனை போட்டிருக்கிறது. வெளியே நாற்பது பேர் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கும்போது எதை விடக்கூடாது, எந்த வரிசையில் பார்ப்பது?

வார்டு_டாக்டர்:

தம்பி, உங்கள் டாக்டர் கேட்ட இரண்டு கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் ரோம்பெர்க். அது சிறுமூளைக்கான சோதனையே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் ரோம்பெர்க் என்ற டாக்டர் அதைக் கவனித்தது டேபிஸ் டார்சாலிஸ் நோயாளிகளிடம், அதாவது பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி முதுகுத்தண்டு வழியாகச் சரியாக மேலே போகாதவர்களிடம். கண் திறந்திருந்தால் பார்வையை வைத்துச் சமாளிப்பார்கள், மூடினால் சாய்வார்கள். சிறுமூளை கெட்டவர் அப்படி இல்லை. கண் திறந்திருக்கும்போதே காலை அகட்டித்தான் நிற்பார், "காலைச் சேர்த்து வைங்க" என்றாலே ஆட ஆரம்பித்துவிடுவார். மூடினால் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, கை ஏன் சரியாக இருந்தது? சிறுமூளையின் நடுவில் இருக்கும் வெர்மிஸ்தான் நிற்பது, நடப்பது, சாயாமல் உட்காருவது இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. கை கால் நுணுக்கம் இரண்டு பக்க அரைக்கோளங்களின் வேலை. வருடக்கணக்கில் குடித்தவருக்கு முதலில் தேய்வது வெர்மிஸின் மேல் முன்பகுதி. ஆகவே நடை போகும், காலும் கொஞ்சம் தடுமாறும், கை ரொம்ப நாள் நன்றாகவே இருக்கும். படுக்க வைத்து விரலை மட்டும் நீட்டினால் இந்த மாதிரி ஆள் ஒவ்வொரு முறையும் தப்பித்துவிடுவார். விரதம் இருந்து குடியை நிறுத்தினாலும் தேய்ந்தது உடனே திரும்பி வராது, அதனால் மகன் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், லயத்துக்காரர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கலாம்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். பெயர் கூப்பிட்டதும் நான் தலையைக் குனிந்து எழுதமாட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைப் பிடித்து, என் மேசைக்கு வரும் அந்த ஏழெட்டு அடிதான் முதல் சோதனை. அப்புறம் தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் முட்ட வைத்துப் பத்து அடி, பக்கத்திலேயே நீங்கள் கை தாங்கலாக நடக்க வேண்டும். லேசான கோளாறு இதில் மட்டும்தான் தெரியும். திரும்பும்போது பாருங்கள், நேராக நடப்பவர்கூடத் திருப்பத்தில் மாட்டிக்கொள்வார். நிற்கவே முடியாதவரைக் கட்டில் விளிம்பில் கையைக் கட்டி உட்காரச் சொல்லுங்கள். அதிலும் சாய்ந்தால் கோளாறு நடுவில் இருக்கிறது.

குடிகாரர்களுக்குப் பாத நரம்பும் கெட்டிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கால் பெருவிரலை மேலே கீழே அசைத்து "எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள், கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் தட்டுங்கள். இரண்டு கோளாறும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். பலத்தை முதலில் பார்த்தது நல்ல காரியம், பலமில்லாத கை எப்படியும் தடுமாறும்.

தூங்காத_ஹவுஸ்மேன்:

டாக்டர் சொன்னதோடு கொஞ்சம். விரல்-மூக்கு சோதனையில் நாம் எல்லோரும் செய்யும் தப்பு, விரலைக் கிட்டத்தில் பிடிப்பது. அவர் கை முழுதாக நீளும் தூரத்தில் பிடியுங்கள், ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றுங்கள். இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடினால் சிறுமூளை. சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்கி, வேலை செய்யும்போது குறைந்தால் பார்கின்சன் பக்கம் யோசிக்க வேண்டும்.

குதிகால் சோதனையிலும் அதே கதைதான். கைலியை முட்டிக்கு மேலே ஏற்றிவிட்டீர்களா? துணியோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. கணைக்கால் எலும்பின் மேல் குதிகால் சறுக்கிக்கொண்டே இறங்கினால் எலும்பே வழிகாட்டிவிடும். அடியில் வந்ததும் காலைத் தூக்கி மறுபடியும் முட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அந்த வைக்கும் இடத்தில்தான் தவறும்.

பேச்சுக்கு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தோட்டத்துப் பாட்டி ஒருவரிடம் "பிரிட்டிஷ் கான்ஸ்டிடியூஷன்" சொல்லச் சொல்லி அசிங்கப்பட்டதிலிருந்து "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்"தான். சிறுமூளைப் பேச்சு வெறும் குழறல் இல்லை, வெண்பாவுக்கு அலகிடுகிற மாதிரி அசை அசையாகப் பிரிந்து வரும், சில அசை திடீரென்று சத்தமாக விழும்.

கண்ணைப் பார்க்கும்போது விரலை ஓரத்துக்கு ரொம்பத் தள்ளாதீர்கள். கடைசி ஓரத்தில் கண் இரண்டு மூன்று தடவை துடிப்பது நல்ல ஆட்கள் பலருக்கும் வரும்.

ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் அதே பக்கச் சிறுமூளைதான். பாதை இரண்டு முறை குறுக்கே தாண்டுவதால் பெருமூளை மாதிரி எதிர்ப்பக்கம் இல்லை. முதல் உலகப்போரில் தலையில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பார்த்து கோர்டன் ஹோம்ஸ் 1917ல் எழுதியது இன்னும் படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் அடிபட்டவர்களின் நல்ல கையையும் கெட்ட கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாமும் அப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய_டிரசர்:

தம்பிமார்களா, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ரப்பர் மரத்தைப் பால் எடுக்க நன்றாக வெட்டுகிற ஆள். திடீரென்று பட்டையில் காயம் வைக்கிறான் என்று தண்டல் (மேற்பார்வையாளர்) காலைப் பெரட்டிலேயே, ஆள் கணக்கெடுக்கும்போதே, வைத்துத் திட்டினார். காலையிலேயே போட்டுவிட்டு வருகிறான் என்று பேச்சு. நானும் அதையே நம்பினேன், அது என் தப்பு. ஒரு நாள் அவன் வெட்டும் மர நிரைக்கே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கத்தியைக் கையில் வைத்திருக்கும்போது ஆட்டமே இல்லை. பட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போது கத்தி நுனி இடமும் வலமும் அலைய ஆரம்பித்தது, கிட்டே போகப் போக அதிகமானது, கோட்டைத் தாண்டி ஆழமாக இறங்கியது. வாயை ஊதச் சொன்னேன், வாடையே இல்லை. என் விரலைப் பார்க்கச் சொன்னால் பக்கவாட்டில் கண் துடிக்கிறது. வீட்டில் என்ன மருந்து என்று கேட்டபோதுதான் வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுவதும், ஒரு வலிப்பு வந்த பயத்தில் பெண்டாட்டி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததும் தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தில் அளவு ஏகத்துக்கு ஏறியிருந்தது. குறைத்ததும் கை நின்றது. அதனால் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, குடிக்கிற ஆளாக இருந்தால் வைட்டமின் பி1 குறைவையும் யோசிக்க வேண்டும். நம் ஜனங்களுக்கு ஒரு காலத்தில் புழுங்கல் அரிசிதான் காப்பாற்றியது. 1905ல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் பாதிப் பேருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான் வந்தது. பி1 என்ற பெயரே அப்போது கிடையாது.

அவசர_பிரிவு:

ஐயா சொன்ன பி1 விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். குடிப்பவருக்கு நடை தள்ளாட்டம், புத்தி மாறாட்டம், கண் அசைவுக் கோளாறு, மூன்றும் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு மூன்றும் வராது. சந்தேகம் வந்தாலே தயமின் (அதே பி1) ஊசி, குளுக்கோஸ் டிரிப்புக்கு முன்னால்.

அப்புறம், இவ்வளவும் மெதுவாக வந்தவருக்குச் சொன்னது. காலையில் திடீரென்று தலைசுற்றல், வாந்தி, நிற்க முடியவில்லை என்று வருபவர் வேறு கதை. கை கால் பலம் சரி, முகம் கோணவில்லை என்று பார்த்துவிட்டு "காஸ்ட்ரிக்" என்றோ "காதுக் கோளாறு" என்றோ மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிறுமூளை ஸ்ட்ரோக்கில் பலம் அப்படியேதான் இருக்கும். வலப்பக்கம் பார்த்தால் கண் வலப்பக்கமும் இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கமும் துடித்தால், அல்லது தாங்கலில்லாமல் உட்காரவே முடியவில்லை என்றால், ஆம்புலன்ஸ். சிடி ஸ்கேன் முதலில் சுத்தமாகவே தெரியலாம், நம்பாதீர்கள். ஓரிரு நாளில் சிறுமூளை வீங்கி, மூளைநீர் போகும் நான்காம் வென்ட்ரிக்கிளை அடைத்துவிட்டால் ஆள் மயங்கிப்போவார்.

சிப்புட்_எம்ஏ:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவரைத் திரும்ப வரச் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை மேசையை விட்டு எழுந்து கதவருகே நின்றேன். காலை அகட்டி, சுவரோரமாகத்தான் வந்தார். டைல்ஸ் கோட்டில் மூன்றாவது அடியிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார். கைலியை ஏற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டு குதிகாலும் கணைக்கால் எலும்பின் மேல் இடமும் வலமும் அலைந்துதான் இறங்கின, நான் போன வாரம் "பரவாயில்லை" என்று எழுதிய அதே கால்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு முட்டியில் தட்டினேன், ஊஞ்சல் மாதிரி நாலு தடவை ஆடியது. பெருவிரல் அசைவைச் சரியாகச் சொன்னார். கை இப்போதும் சுத்தம். வாழைப்பழத் தோலில் "வழுக்கி"யில் மாட்டிக்கொண்டு அவரே சிரித்துவிட்டார். வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை, ஐயா, பையைக் கொட்டியே பார்த்தேன்.

டாக்டர் பி1 எழுதி, ஸ்கேனுக்கு ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்தார். கார்டைத் திருப்பித் தரவில்லை.

வெளியே மகன் மோட்டாரை எடுக்கும் முன், லயத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டான். சம்சுவே இல்லை என்று சொல்லாதே, ஆனால் இது இன்றைக்குக் குடித்த ஆட்டம் இல்லை என்று சொல் என்றேன்.