திருகோணமலைத் துறைமுகம்: ஆழம் மட்டும்தான் காரணமா?

உப்புவெளியூரான் கேட்டது:

வணக்கம். உயர்தர வரலாற்று மாணவர்களைப் பிரடெரிக் கோட்டைக்குக் கூட்டிப்போய் விளக்கம் சொல்ல வேண்டும். 1620களில் போர்த்துக்கேயர், 1639இல் ஒல்லாந்தர், 1782இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் என்று பட்டியலை ஒப்புவிக்க எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் "ஆழமான இயற்கைத் துறைமுகம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அந்தக் காலத்துப் பாய்க்கப்பலுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு? 1782இல் உண்மையில் என்ன நடந்தது? நீராவிக் கப்பல் வந்த பிறகும் பிரித்தானியர் 1957 வரை இங்கே இருந்தது ஏன்? தெரிந்தவர்கள் விளக்கினால் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லலாம்.

வாடைக்காற்று எழுதியது:

ஆழத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். 74 பீரங்கி தாங்கிய போர்க்கப்பல் நீருக்குள் இறங்குவது 22 முதல் 24 அடி வரை, நம்முடைய கணக்கில் நாலு பாகம். அதற்கு மேல் உள்ள ஆழத்தால் பாய்க்கப்பலுக்கு லாபமில்லை, தொல்லைதான். சணல் நங்கூரக் கயிற்றை ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது விட்டால்தான் நங்கூரம் படுத்து மண்ணைப் பிடிக்கும். துறைமுகத்துக்கு வெளியே உள்ள கொட்டியாபுரக் குடாவுக்குள் (கொட்டியாரம்) கடலடிப் பள்ளத்தாக்கு புகுந்து நூற்றுக்கணக்கான மீற்றர் இறங்குகிறது. அங்கே நங்கூரம் போட முடியாது. கப்பல்கள் தேடி வந்தது உட்துறைமுகத்தை. சுற்றிலும் மேடு, வாய் ஒடுக்கம், உள்ளே அலை இல்லை.

உண்மையான காரணம் எதிர்க்கரையில் இருக்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அன்று காப்பான துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சாமானைப் படகில் அலைக்கு மேலால் இறக்குவார்கள். சோழக (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் அது சரிவரும், ஏனென்றால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ஒக்டோபர் நடுவில் வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) திரும்பினால் காற்று கப்பலைக் கரையை நோக்கித் தள்ளும். நங்கூரம் இழுபட்டால் கப்பல் மணலில்தான். அதனால் ஆங்கிலக் கடற்படை ஒவ்வொரு வருடமும் இலங்கையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போனது. சென்னையிலிருந்து சுமார் 1,400 கடல் மைல். போய், பழுது பார்த்து, திரும்பி வர ஏப்ரல் ஆகிவிடும். அந்த ஆறு மாதமும் கிழக்குக் கரையில் படை இல்லை.

திருகோணமலையிலிருந்து சென்னை 270 கடல் மைல் அளவில்தான். காற்று சாதகமாக இருந்தால் இரண்டரை நாள். எந்தக் காற்றுக்கும் ஒதுங்க இடம் தரும் துறைமுகம் வங்கக்கடலின் இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுவே: ஆழம் அல்ல, காற்றும் தூரமும்.

1782ஐ எடுங்கள். ஜனவரி 11இல் ஆங்கில அட்மிரல் ஹியூஸ் உட்துறைமுக வாயைக் காக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஜூலை 6இல் நாகப்பட்டினத்துக்கு வெளியே பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரனோடு மோதியதில் இரு பக்கமும் அடிபட்டது. சஃப்ரன் கடலூரில் ஒட்டுப்போட்டு ஓகஸ்ட் 1இல் கிளம்பிவிட்டார். ஹியூஸ் சென்னையை விட்டது ஓகஸ்ட் 20இல். சோழகம் எதிர்க்காற்று. இரண்டரை நாள் வழிக்கு அவருக்குப் பதின்மூன்று நாள் பிடித்தது. செப்டெம்பர் 2 இரவு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. ஓகஸ்ட் 30இல் பிரடெரிக் கோட்டையும் 31இல் ஒஸ்டன்பேர்க்கும் சரணடைந்திருந்தன. மறுநாள், செப்டெம்பர் 3, பிரெஞ்சு 14 கப்பலும் ஆங்கிலேயர் 12 கப்பலும் வெளிக்கடலில் மோதின. ஒரு கப்பலும் பிடிபடவில்லை, ஆனால் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது.

அதன் பலன் அடுத்த வருடம் தெரிந்தது. 1783 மார்ச்சில் சஃப்ரன் திருகோணமலையிலிருந்து தளபதி பூஸியின் துருப்புகளை ஏற்றிக்கொண்டு போய்க் கடலூர்ப் பக்கக் கரையில் இறக்கினார். ஹியூஸ் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது ஏப்ரலில்.

கலப்பத்து எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் ஒதுங்குவது பாதி வேலைதான், பழுது பார்ப்பது மற்றப் பாதி. போரில் மூழ்கிய மரக்கப்பல்களைவிடப் பாய்மரம் முறிந்தும் அடிப்பாகம் உளுத்தும் ஒதுங்கியவை மிக அதிகம். இந்தப் பாடத்தைப் படையெடுப்புகளோடு மட்டும் நடத்தினால் பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போய்விடும்.

வெப்பக் கடலில் மரம் துளைக்கும் புழு கப்பலின் அடியைத் தேன்கூடாக்கிவிடும். பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகம் குறையும். சுத்தம் செய்யக் கப்பலைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். முதலில் பீரங்கி, வெடிமருந்து, தண்ணீர்ப் பீப்பாய், மேற்பாய்மரங்கள் எல்லாம் இறங்க வேண்டும். பீரங்கி வாய்களை அடைத்துப் பூச வேண்டும், இல்லையென்றால் சாயும்போது தண்ணீர் அதன் வழியே உள்ளே பாயும். அடிப்பாய்மரத்துக்குத் துணைக்கால் கொடுத்து, அதன் தலையிலிருந்து கப்பிக் கயிறுகளைக் கரைக்கு எடுத்து, ஏரா (கப்பலின் அடி முதுகுமரம்) வெளியே தெரியும்வரை இழுக்க வேண்டும். பிறகு பாசியை நெருப்புக் காட்டிச் சுரண்டி, பழுதான பலகை மாற்றி, கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளில் நார் திணித்து), தார் பூசி, மறுபக்கத்துக்கும் இதே வேலை. சாய்ந்து கிடக்கும் கப்பலை ஓர் அலை உலுக்கினாலே பாய்மரம் முறியும். அதனால்தான் அலை இல்லாத உட்துறைமுகத்துக்கு அவ்வளவு மதிப்பு.

இந்தத் தேவை போர்க்கப்பலுக்கு மட்டும் உரியதல்ல. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற வணிகக் கப்பல் புது மரம் நடுவதற்காகத்தான் கொட்டியாரத்துக்கு வந்தது. ரொபேட் நொக்ஸ் அந்தக் கப்பலில் வந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார். அவரைப் பற்றிப் படித்த பிள்ளைகளும் கப்பல் ஏன் வந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

செம்புத் தகட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1761இல் ஆங்கிலேயர் 'அலாம்' என்ற கப்பலின் அடிக்குச் செம்பு போர்த்திப் பார்த்தார்கள். புழு நெருங்கவில்லை. ஆனால் செம்பும் இரும்பு ஆணியும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் மின்கலம்போல் வேலை செய்து இரும்பைத் தின்றுவிடும். ஆணிகள் அரித்துப்போயின. தகட்டைச் சுற்றி வந்த காகிதம் இடையில் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணி நன்றாக இருந்தது. இரும்பும் செம்பும் தொடக்கூடாது என்ற பாடம் அதில் கிடைத்தது. 1779க்குப் பிறகு முழுக் கடற்படைக்கும் செம்பு போர்த்தினார்கள்.

1782 போருக்கும் இதே கணக்குத்தான். செப்டெம்பர் 3இல் சஃப்ரனின் கொடிக்கப்பல் 'ஹீரோ'வும் இன்னொரு கப்பலும் நடுப்பாய்மரத்தை இழந்தன. சில நாள் கழித்து, திரும்பி உள்ளே வரும்போது 74 பீரங்கிக் கப்பல் 'ஒரியண்ட்' பாறையில் ஏறி அழிந்தது. அதன் பாய்மரங்களைக் கழற்றித்தான் மரம் முறிந்த இரண்டு கப்பல்களையும் மறுபடி கடலுக்குத் தயாராக்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து மரம் வரக் காத்திருந்தால் அடுத்த பருவமே போயிருக்கும்.

உப்புவெளியூரான் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். ஒரு சந்தேகம். இவ்வளவு வசதி இருந்தும் பெரிய கப்பல்கட்டுத்துறை ஏன் பம்பாயில் வளர்ந்தது, இங்கே இல்லை? 'திருகோணமலை' என்ற பெயருள்ள கப்பலே பம்பாயில் கட்டியது என்கிறார்களே?

கலப்பத்து எழுதியது:

ஆம். வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கியது. இன்றும் இங்கிலாந்தில் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். இருநூறு வருடத்துக்கு மேல் நிலைத்ததில் மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் பம்பாய் என்றால், முக்கிய காரணம் வற்றுப்பெருக்கு. பம்பாயில் பெருக்கு நாளில் கடல் நாலு மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். பெருக்கில் கப்பலை உலர்துறைக்குள் (தண்ணீரை வடித்துக் கப்பலின் அடியைப் பழுது பார்க்கும் தொட்டி) விட்டு, வற்றில் தண்ணீர் தானாக வடிந்ததும் கதவை அடைத்தால் போதும். நமக்கோ ஒரு மீற்றர்கூட இல்லை. நீராவிப் பம்பு வரும்வரை இங்கே உலர்துறை சரிவராது, சாய்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். இன்னொன்று பின்னிலம். பம்பாய்க்குப் பின்னால் மலபார்த் தேக்கும், சந்தையும், தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்த தச்சர்களும் இருந்தார்கள். இங்கே நல்ல தண்ணீரும் காட்டு மரமும் கிடைக்கும். அரிசி, உப்பிட்ட இறைச்சி, கயிறு, தார், பாய்த்துணி எல்லாம் கடல் வழியே வர வேண்டும். பல்லாயிரம் மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் சோறு போட அன்றைய திருகோணமலையால் முடியாது. சஃப்ரனே 1782 வாடைக்காலத்தைக் கழிக்கச் சுமாத்திராவின் அச்சேக்குத்தான் படையைக் கொண்டுபோனார்.

சீனக்குடா எழுதியது:

நீராவிக்குப் பிந்திய பகுதியை நான் சொல்கிறேன். எரிபொருள் மாறியதும் கேள்வி மாறியது. பாய்க்கப்பலுக்குக் காற்று இலவசம், எண்ணெய்க் கப்பலுக்கு எண்ணெய் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் முதல் உலகப் போருக்குப் பிறகு திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. இன்று எஞ்சியவை 99, ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். ஆழத்துக்கு உண்மையான மதிப்பு வந்ததும் இந்தக் காலத்தில்தான். 30 அடிக்கு மேல் நீர் கேட்கும் கப்பல்கள் வரிசையாக உள்ளே நிற்கலாம்.

ஆனால் மேடும் ஒடுங்கிய வாயும் விமானத்தைத் தடுக்காது. 1942 ஏப்ரல் 9இல் அட்மிரல் நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிகள் தாக்கின. எச்சரிக்கை கிடைத்து முந்திய இரவே வெளியேறிய பிரித்தானிய 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கியில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு வெளியே அது மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியர் தங்கள் மெதுவான போர்க்கப்பல்களை கிழக்கு ஆபிரிக்காவின் மொம்பாசாப் பக்கம் பின்வாங்கச் செய்தார்கள். 1944இல் திரும்பி வந்து, ஏப்ரல் 19இல் இங்கிருந்து போய்ச் சபாங்கைத் தாக்கினார்கள். சபாங் அச்சேயின் முனையில் உள்ள தீவுத் துறைமுகம்.

உலர்துறைக் குறை அப்போதும் தலைகாட்டியது. மிதக்கும் உலர்துறை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். 1944 ஓகஸ்ட் 8இல் 30,000 தொன்னுக்கு மேற்பட்ட 'வேலியன்ற்' போர்க்கப்பல் குண்டுகள் நிறைந்தபடியே அதில் ஏறியது. மிதக்கும் துறையின் தாங்கிகளிலிருந்து தண்ணீரை இறைக்கும்போது, எங்கே பாரம் கூட இருக்கிறதோ அங்கே மிதப்பும் அதற்கேற்றபடி ஏற வேண்டும். அன்று இறைத்த ஒழுங்கு பிழைத்தது. துறையின் நுனிகளில் தாங்க முடியாத அழுத்தம் ஏறி, முதுகு முறிந்து துறை மூழ்கியது. கப்பல் நிமிர்ந்தே தப்பியது, ஆனால் உள் சுழலிகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின.

வாடைக்காற்று எழுதியது:

கடைசியாக, பிள்ளைகளைக் கூட்டிப்போவது பற்றி. ஒஸ்டன்பேர்க் கடற்படை டொக்யார்ட்டுக்குள் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. டிசம்பரில் கூட்டிப்போங்கள். ஒல்லாந்தர் குடாக் கரையில் நின்று வாடை அலையைப் பார்க்கவிட்டு, ஊரைக் குறுக்கே கடந்து உட்துறைமுக வீதிக்கு நடத்திக்கொண்டு போங்கள். கால் மணி நேர நடைதான். அங்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கும்.