சிறிய விமானத்தில் வசதி என்று எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
நாங்கள் ஆறு பேர், மூன்று மணி நேரப் பயணத்துக்கு எட்டு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றை வாடகைக்கு எடுக்க எண்ணியுள்ளோம். இருவர் எழுபதைக் கடந்தவர்கள். தரகர்கள் அனுப்பும் படங்களில் தோல் இருக்கைகளும் மரவேலைப்பாடும்தான் கண்ணில் படுகின்றன. இத்தகைய விமானங்களில் பயணம் செய்தவர்கள் எதை வசதி என்று கருதுகிறீர்கள்? டர்போபிராப்பா (புரொப்பெல்லரால் இயங்குவது), ஜெட்டா என்பதும் முடிவாகவில்லை.

மறுமொழி 1:
முதலில் இரைச்சலைப் பற்றிக் கேளுங்கள். இரு இறக்கைகளிலும் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில், அவை சுழலும் இடத்துக்கு நேராக உள்ள வரிசையில்தான் முழக்கம் மிகுதி. அங்கே பக்கச் சுவரில் தலை சாய்த்தால் அதிர்வு தாடை வரை இறங்கும். ஒலிவாங்கிகள் இரைச்சலை அளக்க, உடற்சட்டத்தில் பொருத்திய கருவிகள் எதிர் அதிர்வை எழுப்பி அதைத் தணிக்கும் ஏற்பாட்டை டேஷ் 8 விமானத்தின் பிந்தைய வகைகளில் சேர்த்ததற்குக் காரணமே இதுதான். பிலாட்டஸ் பிசி-12 போன்றவற்றில் ஒற்றை எஞ்சின் மூக்கில் இருப்பதால் பின்னிருக்கைகளில் சற்று நிம்மதியாக இருக்கலாம். ஜெட்டில் நிலைமை தலைகீழ். எஞ்சின்கள் பெரும்பாலும் வாலருகே இருப்பதால் முன்பகுதிதான் அமைதியானது.

மறுமொழி 2:
முதியவர்கள் வருவதால், இரைச்சலைவிடக் காற்றழுத்தம் முக்கியம் என்பேன். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், வழக்கமான இயக்கத்தில் அறைக்குள் உணரப்படும் உயரம் (உள்ளே உள்ள காற்றழுத்தம் எந்த உயரத்துக்கு ஒப்பானதோ அது) 8,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்கான வடிவமைப்பு விதி; சிறிய விமானங்கள் சிலவற்றில் அது இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். அது குறையக் குறையக் களைப்பும் குறையும். ஆகவே அந்த எண்ணைத் தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செஸ்னா கேரவன் போன்ற, அழுத்தம் சீராக்கப்படாத விமானங்கள் பெரும்பாலும் தாழ்வாகவே பறப்பதால், மேகங்களுக்கு மேலே ஏறித் தப்ப முடியாமல் குலுங்கும். இதயம் அல்லது நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எட்டு இருக்கை என்ற கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். எதிரெதிராக நால்வர் அமரும் அமைப்பில் முழங்கால்கள் முட்டிக்கொள்ளும். சில விமானங்களில் கழிப்பறை இருக்கையையும் ஒரு பயணிக்குரியதாக எண்ணிவிடுவார்கள் (இது விளம்பரப் படத்தில் வராது). சிறிய ஜெட்டுகள் பலவற்றில் கூரை ஐந்தடி உயரம்கூட இல்லை. முதியவர் கழிப்பறை வரை குனிந்தே நடக்க வேண்டும். அங்கே கதவு இருக்கிறதா, வெறும் திரைதானா என்று கேளுங்கள். திரை மட்டும் என்றால், பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுகிறார்கள். வறண்ட விமானக் காற்றில் மூன்று மணி நேரம் அப்படி இருப்பது பெரியவர்களுக்கு ஆகாது.