கொத்தனார் அப்பாவுக்குக் காட்ட நல்ல படிக்கட்டு எது?

தாராபுரத்துப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் என் அப்பா முதல் தடவையாக வெளிநாட்டுக்கு வருகிறார். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் என்னோடு 3 வாரம் இருப்பார். வயது 66. ஊரில் 41 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், போன வருடம்தான் கொத்துக் கரண்டியைக் கழுவி வைத்தார்.

எங்கே போகலாம் என்று கேட்டு ஈபிள் கோபுரம், சுவிஸ் மலைகள் என்று நிறையப் படங்கள் அனுப்பினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அங்கெல்லாம் படிக்கட்டு எப்படிக் கட்டியிருக்காங்க கண்ணு?" என்றார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. எந்த மலைக்கோயிலுக்குப் போனாலும் முதல் படியில் பாதத்தைக் குறுக்காக வைத்துப் பார்ப்பார். அப்புறம் குனிந்து ஜாணால் உயரத்தை அளப்பார். அதன் பிறகுதான் சாமி. "நூறு படியில ஒரே ஒரு படி அரை அங்குலம் கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது, கால் கண்டுபிடிச்சிரும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. சின்ன வயதில் அவர் கட்டிய வீடுகளில் நானும் தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படி இறங்குவோம். ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை.

அதனால் இந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு நல்ல படிக்கட்டைக் காட்ட வேண்டும். வெட்டவெளியில், கல்லால் கட்டியது. ஐரோப்பாவுக்குள் எங்கே என்றாலும் சரி, ஆனால் ஒரே ஓர் ஊருக்குத்தான் விமானச் செலவு செய்ய முடியும். 500, 600 படி ஏறுவார். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். பழனியில்கூட ஏறுவது படி வழியாக, இறங்குவது யானைப்பாதையில். அப்புறம், நடுவில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க இடம் வேண்டும். நேரில் போனவர்கள் சொல்லுங்கள்.

போர்ட்டோ பாலா எழுதியது:

சகோதரி, யோசிக்கவே வேண்டாம். போர்ச்சுகல், பிராகா நகரத்துக்கு வெளியே இருக்கும் பொம் ஜெசுஸ் டு மோன்ட்டே. நான் போர்ட்டோவில் 6 வருடமாக இருக்கிறேன். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

570க்கு மேல் படிகள், மொத்த ஏற்றம் 116 மீட்டர். 1722ல் பிராகாவின் பேராயர் ஆரம்பித்த வேலை நூறு வருடத்துக்கும் மேல் நடந்தது. 2019ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அடிவாரத்தில் மரங்களுக்கு நடுவே வழி போகும். திருப்பத்துக்குத் திருப்பம் சிறு சிறு மண்டபங்கள், உள்ளே ஆள் உயரச் சுடுமண் சிலைகள், இயேசுவின் பாடுகளைச் சொல்பவை. அதைத் தாண்டியதும் திடீரென்று மரங்கள் விலகும். வெள்ளைச் சுவர், கருங்கல் விளிம்பு, இடமும் வலமுமாக மடிந்து மடிந்து போகும் படிகள், உச்சியில் தேவாலயம். படத்தில் எல்லோரும் பார்த்திருப்பது இந்த இடத்தைத்தான்.

அந்த மடிப்புகளுக்கு ஐம்புலன் படிக்கட்டு என்று பெயர். ஒவ்வொரு தளத்திலும் ஒரு நீரூற்று. பார்வைக்கு உள்ளதில் கல் முகத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். கேட்பதற்குக் காதிலிருந்து, நுகர்வதற்கு மூக்கிலிருந்து, சுவைக்கு வாயிலிருந்து. தொடுவதற்கு மட்டும், இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிற உருவம். அதற்கும் மேலே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றுக்கும் தனிப் படிக்கட்டு.

இறங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பழனி விஞ்ச் மாதிரி ஓர் இழுவை வண்டி படிக்கட்டை ஒட்டியே ஓடுகிறது. 1882ல் வந்தது, இன்றுவரை மின்சாரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. மேலே நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். கீழே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவு நிரப்புவது என்று கணக்கு. எடை கூடிய மேல் வண்டி இறங்க, கம்பியின் மறுமுனையில் இருக்கும் கீழ் வண்டி ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கொத்தனாருக்கு இது பிடிக்காமல் போகாது.

மழை பெய்தால் மட்டும் அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். நனைந்த பாறைக்கல் வழுக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

எட்னா அடிவாரம் எழுதியது:

பாலா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிசிலியில் கால்தஜிரோனே என்று ஓர் ஊர் இருக்கிறது. மண்பாண்டத்துக்கும் பீங்கான் ஓட்டுக்கும் பேர் போன ஊர். அங்கே சாந்தா மரியா தெல் மோன்ட்டே படிக்கட்டு, 142 படி. 1606ல் கட்டியது. 1954ல் ஒவ்வொரு படியின் செங்குத்து முகத்திலும் கையால் வண்ணம் தீட்டிய ஓடுகளைப் பதித்தார்கள், ஒரு படியில் இருக்கும் கோலம் இன்னொரு படியில் வராது. மிதிக்கிற இடம் எரிமலைக் கல். மேலிருந்து பார்த்தால் வெறும் கறுப்புக் கல் படிதான் தெரியும். கீழிருந்து பார்த்தால்தான் அவ்வளவு வண்ணமும்! ஜூலை 24, 25 இரவுகளில் ஆயிரக்கணக்கில் எண்ணெய் விளக்குகளைக் காகிதக் கூடுகளுக்குள் வைத்துப் படி முழுக்க ஒரே கோலமாக ஏற்றுவார்கள். கார்த்திகை தீபம் பார்த்து வளர்ந்த நமக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரோம் ஸ்பானியப் படிக்கட்டை மட்டும் இதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டடமாக அழகுதான். ஆனால் 2019லிருந்து அதில் உட்காரத் தடை, மீறினால் 400 யூரோ வரை அபராதம். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி வைப்பது பாவம்.

பழைய ஸ்டுட்கார்ட்காரன் எழுதியது:

அம்மா, நீங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு படிக்கட்டு எங்கே என்று கேட்கிறீர்கள்! இந்த ஊரே ஒரு சட்டிக்குள் இருப்பது போல மலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது. சரிவில் 400க்கும் மேற்பட்ட படிக்கட்டு வழிகள். உள்ளூரில் ஷ்டெஃபலே என்பார்கள். பெரும்பாலானவை ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் ஏறி இறங்கிய வழிகள். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன, படி நின்றுவிட்டது. அப்பாவைப் பயணக் களைப்பு தீர்ந்ததும் முதலில் ஆய்கன்ஸ்பிளாட்ஸுக்குக் கூட்டிப்போங்கள். படி ஏறி மேலே போய், நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்தால் நகரம் முழுக்கக் காலடியில். டிக்கெட் கிடையாது, காலையில் கூட்டமும் கிடையாது.

தாராபுரத்துப் பொண்ணு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், அப்பாவை நேற்றுதான் விமானம் ஏற்றிவிட்டேன்.

பிராகா போனோம். காலை 8 மணிக்கே அடிவாரத்துக்கு வந்துவிட்டோம், மழை இல்லை. ஏறி முடிக்க 3 மணி நேரம் ஆனது. களைப்பினால் இல்லை. முதல் அரை மணி நேரம் அவர் படியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மிதிகல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார், பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார். அது முன்பக்கமாக ஓடியது. "வாட்டம் வெச்சிருக்கான் பாரு. தண்ணி நின்னா கல்லு கெட்டுப்போகும்." இத்தனை வருடம் கழித்துமா அந்த வாட்டம் நிற்கிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐம்புலன் படிகளில், காதிலிருந்து தண்ணீர் வரும் இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டார். சாமி விஷயம் எல்லாம் நான் பாலா எழுதியதை வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அது சரி கண்ணு. ஆனா மூச்சு வாங்குற இடமாப் பாத்து நிப்பாட்டி, அங்க தண்ணிய வெச்சிருக்கான். கட்டுனவன் தானே ஏறிப் பாத்திருக்கான்" என்றார். எனக்கு அந்த வாக்கியத்தை உடனே எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்போல் இருந்தது, போனில் குறித்துக்கொண்டேன்.

அவர் கட்டிய வீடுகளில் படி ஏறியதும் நடுவில் அகலமாக ஒரு தளம் விடுவார். இடம் வீண் என்று வீட்டுக்காரர்கள் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அதற்காகக் கூலியைக்கூடக் குறைத்துக்கொண்டார். அந்த நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதெல்லாம் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

வண்டியில் இறங்கினோம், மறுபடி ஏறினோம், மறுபடி இறங்கினோம். இரண்டாவது தடவை இறங்கியதும், கீழே தண்ணீர் கொட்டுவதை வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார்.

ஸ்டுட்கார்ட் ஐயா, தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் ஷ்டெஃபலேயில் ஏறி இறங்கினார். மேலிருந்து 9வது படி மற்றதைவிட உயரம் கூடுதலாம். நான் 8 மாதமாக அதில்தான் வேலைக்குப் போகிறேன், எனக்குத் தெரியவே இல்லை. இன்று காலை இறங்கும்போது பார்த்தேன், ஆமாம், கூடுதல்தான்.

எட்னா அடிவாரம், அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். கால்தஜிரோனேயில் படியின் முகத்தில் ஓடு பதித்திருக்கிறார்களே, ஏறுகிறவர்களின் செருப்பு முனை இடித்து உடையாதா? மிதிகல் ஓட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டு இருக்கிறது, ஒரு விரல் கனம் இருக்குமா? முடிந்தால் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அடுத்த ஜூலைக்கு விசா கேட்கலாமா என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறோம்.