ஜவுளிக்கடைல நாள் பூரா நின்னே வேலை, உட்கார விட மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

நித்யா_டிநகர்: என் தங்கச்சி ஒரு பெரிய ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கா, காலைல போனா ராத்திரி வரைக்கும் நின்னுட்டே இருக்கணும், கஸ்டமர் இல்லாதப்ப கூட உட்கார்ந்தா சூப்பர்வைசர் திட்றாராம், இப்ப கால் நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது. இதுக்கு சட்டம் ஏதாவது இருக்கா?

செல்வம்77: இருக்கு மா. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 2021ல திருத்தம் கொண்டு வந்து 22ஏ பிரிவு சேர்த்தாங்க, எல்லா ஊழியருக்கும் இருக்கை போடணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். கேரளாவுல 2018லயே வந்துருச்சு, கோழிக்கோடு கடைப் பொண்ணுங்க போராடித்தான் அது கிடைச்சது.

மீனா நர்ஸ்: நித்யா, முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. ராத்திரி காலுக்கு தலகாணி வச்சு உயர்த்திப் படுக்கச் சொல்லுங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடணும். அப்புறம் பாத்ரூம் போக விட மாட்டாங்கன்னு இந்தப் பொண்ணுங்க தண்ணியே குடிக்கறதில்ல, யூரின் இன்ஃபெக்ஷனோட எத்தனை பேர் வராங்க தெரியுமா, பாக்கவே வயிறு எரியுது.

நித்யா_டிநகர்: தண்ணி விஷயம் அப்படியே உண்மை அக்கா. புகார் குடுத்தா வேலை போயிடுமோன்னு பயப்படறா.

செல்வம்77: அவ தனியா குடுக்க வேணாம், கூட இருக்கறவங்க சேர்ந்து தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கட்டும், இல்லன்னா நீங்களே முதல்வர் உதவி மையம் 1100க்கு போன் பண்ணி சொல்லலாம், அவ பேரு வரவே வேணாம்.