புதுப்பிப்பு: எருக்கஞ்செடியும் கையில் பிடித்த மேக்ரோவும்

வீட்டுக்குப் பின்னால் எருக்கஞ்செடியில் வரும் பூச்சிகளை ஸ்டாண்ட் இல்லாமல் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ்) எடுத்தால் பத்தில் எட்டு மங்கலாகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது பாதியாவது தேறுகிறது.

முதல் தவறு, எஃப் 2.8, அதாவது லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து வைத்தது. பூச்சி சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும் நெருக்கத்தில் அது அரை மில்லிமீட்டரைக்கூடக் கூர்மையாகக் காட்டாது. துவாரத்தைச் சுருக்கி எஃப் 11-க்குப் போனேன். அங்கேயும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். துவாரம் சுருங்கியதால் குறைந்த வெளிச்சத்துக்கு ஃபிளாஷ், அதன் ஒளியை மென்மையாக்க முன்னால் டிரேசிங் பேப்பர்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டேன். தூரத்தை லென்ஸில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, பூச்சியின் கண் தெளியும்போது நாலைந்து படம் தட்டுகிறேன்.

பெரிய மாற்றம் இடது கையால் வந்தது. அந்தக் கை காம்பைப் பிடிக்கும், லென்ஸ் அதே கையின் மேல் உட்காரும். காற்றில் செடி ஆடினால் கேமராவும் சேர்ந்தே ஆடும்! ஆனால் எருக்கில் காம்பை ஒடித்துவிடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நான் கையுறை போட்டுக்கொள்கிறேன்.

விடிகாலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அசையாமல் இருக்கிறது. அப்புறம் எருக்கம்பூவுக்கு வரும் கருப்புத் தச்சுத் தேனீ? இன்னும் ஒரு படம்கூட உருப்படியாக இல்லை.