பேக்கப் டிஸ்க் திடீரென்று 'பேக்கப்1' ஆகிவிட்டது, லேப்டாப்பும் நிரம்பிவிட்டது

கேமராப்பை:
உபுண்டு 22.04 (லினக்ஸ்). கல்யாணப் படங்களுக்காக 2 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் வைத்திருக்கிறேன், லேபிள் 'பேக்கப்'. செருகினால் மீடியா ஃபோல்டரில் என் யூசர் பேருக்குக் கீழே 'பேக்கப்' என்று தானாக வந்து நிற்கும். தினமும் இரவு 11 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) ஆர்சிங்க் (ஃபைல்களை காப்பி செய்யும் கருவி) ஓடி அதற்குள் காப்பி செய்யும். போன வாரத்திலிருந்து அதே டிஸ்க் 'பேக்கப்1' என்று வருகிறது. லேபிளைப் பார்த்தால் மாறவே இல்லை. இன்று லேப்டாப்பில் இடமே இல்லை என்கிறது, டிஸ்கில் ஒன்பது நாளாக ஒரு படம்கூட ஏறவில்லை. ஸ்கிரிப்ட்டில் 'பேக்கப்1' என்று மாற்றிவிட்டால் போதுமா?

பழையகீபோர்டு:
மாற்றாதீர்கள் சார், நாளைக்கு 'பேக்கப்2' வரும். அந்த கிரான் ரூட்டில்தானே (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி கணக்கு) ஓடுகிறது? ஒன்பது நாளுக்கு முன்னால் ஒரு ராத்திரி டிஸ்க்கைச் செருக மறந்தீர்களா?

கேமராப்பை:
ஆமாம், ரூட்தான். அன்றைக்கு டிஸ்க் ஸ்டுடியோவிலேயே இருந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழையகீபோர்டு:
நானும் இதே குழியில் விழுந்தவன்தான். டிஸ்க் இல்லாதபோது அந்த இடத்தில் 'பேக்கப்' ஃபோல்டரே இருக்காது. சாதாரண யூசர் அங்கே எழுத முடியாது, ஆனால் ரூட்டை யார் தடுப்பது, ஆர்சிங்க் புதிதாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கி எல்லாப் படத்தையும் உங்கள் லேப்டாப்பிலேயே இன்னொரு தடவை கொட்டிவிட்டது. மறுநாள் டிஸ்க்கைச் செருகியதும் டிஸ்க்கைத் தானாக இணைக்கும் யூடிஸ்க்ஸ் பார்க்கிறது, அந்தப் பேரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருக்கிறது, சரி என்று பின்னால் 1 சேர்த்துக்கொண்டது. ஸ்கிரிப்ட்டோ பழைய பேரிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது.
டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதும் 'பேக்கப்' இருந்தால் அதுதான் ஆள். மூலப் படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு அழியுங்கள், அவசரப்பட வேண்டாம்.

நள்ளிரவுடெர்மினல்:
யூடெவ் ரூலில் (சாதனத்தைச் செருகியதும் என்ன செய்வது என்ற விதி) மவுண்ட் கட்டளையை (டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் இணைப்பது) போட்டால் செருகியவுடன் நாம் சொன்ன இடத்திலேயே வந்துவிடுமே?

பழையகீபோர்டு:
வராது தம்பி. யூடெவ் இப்போது தனக்கென்று தனி மவுண்ட் நேம்ஸ்பேஸில் ஓடுகிறது, அதற்குள் மவுண்ட் செய்தால் வெளியே யாருக்கும் தெரியாது. டிஸ்க்கைக் கண்டுபிடிப்பதும் பேர் வைப்பதும் யூடெவ் வேலை, மவுண்ட் செய்வதை மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

மூன்றாம்போர்ட்:
எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல் ஃபைல்) எழுதிவிடுங்கள். டிஸ்க்குக்கு சிஸ்டம் வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பேரை நம்ப வேண்டாம், எந்த டிஸ்க்கை கெர்னல் முதலில் பார்க்கிறதோ அதைப் பொறுத்து அது மாறும். பிளாக்ஐடி கட்டளையைக் கொடுத்தால் டிஸ்க்கின் தனி அடையாளமான யூயூஐடி கிடைக்கும், அதைப் போடுங்கள் (ஃபார்மேட் செய்தால் புதிது வந்துவிடும், அப்போது திருத்த வேண்டும்). கூடவே நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற ஆப்ஷன்) கட்டாயம். ஒருமுறை அதை விட்டுவிட்டு, டிஸ்க் இல்லாமல் பூட் செய்து, ஒன்றரை நிமிடம் காத்திருந்த பிறகு எமர்ஜென்சி மோடில் போய் நின்றேன், அதுவும் கிளையன்ட் எதிரே உட்கார்ந்திருக்கும்போது.
சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்டையும் (ஃபோல்டரைத் தொட்டதும் மவுண்ட் செய்வது) சேர்த்து, ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் அங்கே டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சரிபார்த்தால் முடிந்தது.

பழையகீபோர்டு:
எல்லாம் சரி, கடைசியில்தான் இடிக்கிறது. ஆட்டோமவுண்ட் போட்டால் டிஸ்க் இல்லாவிட்டாலும் அந்த இடம் மவுண்ட்பாயின்ட் என்றே பதில் வரும், ஏனென்றால் அங்கே டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ஆட்டோஎஃப்எஸ் உட்கார்ந்திருக்கிறது. பேக்கப்புக்கு அது வேண்டாம். எஃப்எஸ்டேப்பில் நோஃபெயிலுக்குப் பதில் நோஆட்டோ (பூட்டில் தானாக மவுண்ட் வேண்டாம்) போட்டு, ஸ்கிரிப்ட்டே மவுண்ட் செய்யட்டும், முடியவில்லையென்றால் அங்கேயே நிற்கட்டும், காப்பி முடிந்ததும் அன்மவுண்ட். இன்னும் பயம் இருந்தால், டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு சேட்டர் பிளஸ் ஐ (யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) கொடுங்கள். ரூட்டாலும் உள்ளே ஒரு ஃபைல் வைக்க முடியாது, மேலே மவுண்ட் மட்டும் ஆகும்.

கேமராப்பை:
கழற்றிப் பார்த்தேன், 'பேக்கப்' அங்கேயேதான் இருந்தது, உள்ளே 180 ஜிபி! மூலப் படங்களோடு ஒப்பிட்டுவிட்டு அழித்தேன். நேற்று வேண்டுமென்றே டிஸ்க் இல்லாமல் ஓடவிட்டேன், ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிட்டது. நன்றி சார்.